கல்யாணத்தில் முடியாத படம்

காதல் படமென்றால் கடைசியில் தாலி ஏறவேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் செத்துத் தொலையவேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு ஆகாது. அட்டன் டவுன் கொட்டகையில் நான் பார்த்த அந்தப் படத்தில் இரண்டும் நடக்கவில்லை. வில்லன்கூட இல்லை. அப்பாவிடம் "இவளைத்தான் கட்டுவேன்" என்று சொல்லவேண்டிய நேரத்தில் கதாநாயகன் வாயைத் திறக்காமல் நிற்கிறான். அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. கொட்டகையே விசிலடித்துத் திட்டியது. வில்லன் இருந்தால் பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இந்தப் படம் யாரையும் அப்படித் தப்பிக்க விடவில்லை. பார்க்கத் தகுந்த படம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

நான் அக்காவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கம் அவர் இருந்தார். கொழுந்தெடுக்கும் எங்களை மலையில் மேய்க்கும் கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணியின் மகன். இரண்டு வருடமாக எனக்கும் அவருக்கும் பழக்கம் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். படம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கண் சிவந்திருந்தது.

"பாவம் அந்தப் பொண்ணு. அவன் ஒரு வார்த்த பேசியிருக்கலாம்" என்றார். பிறகு மெதுவாக, "வெள்ளிக்கெழம நான் அப்பாகிட்ட பேசிடுறேன்" என்றார்.

படம் பார்த்து அழுகிற ஆள் நம்மை அழவிடமாட்டார் என்று நம்பினேன். என் மடத்தனம்.

படம் பார்த்து வந்தவள் கொழுந்தெடுத்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கதை சொல்வது எங்கள் வழக்கம். பாட்டையும் பாடி இழுத்தால் ஒரு வாரம் ஓடும். நானும் திங்கட்கிழமை தொடங்கினேன். சனிக்கிழமை விடியற்காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சு அடிபட்டது. பெரிய கங்காணி மகனுக்குத் தலவாக்கலைப் பெண்ணைப் பரிசம் போட்டாயிற்றாம். முந்தின நாள்தான், வெள்ளிக்கிழமை.

சோகமான படமென்றால் முடிவை மாற்றிக் கல்யாணம் செய்துவைத்துத்தான் சொல்வேன். அன்று மலையில் உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"அவனுக்கு வாயில்லையாடி?" என்றாள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள்.

அவர் எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அய்யாவும் அந்தப் படம் பாத்தாங்க. அவங்களயே கேளுங்க" என்றேன்.

எல்லாரும் கொழுந்தெடுப்பதை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்கூட, தப்பு தன்மேல்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். அவ்வளவு வெட்கங்கெட்ட மனசு எனக்கு.

அவர் என் கூடைக்குள் கையை விட்டு கொழுந்தோடு சேரக்கூடாத ஒரு முற்றல் இலையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

"ஒனக்கு வேலைல கவனமில்ல. திங்கக்கெழமலருந்து மேல்மலைக்குப் போயிடு" என்றார். மேல்மலைக்கு வேறு கணக்கப்பிள்ளை.

நாலு பேர் முன்னால் என்னைப் பற்றி அவர் பேசியது அது மட்டும்தான்.