கடலில் விழுந்தவரைக் காணவில்லை என்றார்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூரை அடுத்த பெருநகர் என்னும் ஊரில், என் தங்கையின் புகுந்த வீட்டு வாசலில் நடந்ததைத் தங்கள் தொகுப்புக்காக எழுதுகிறேன். அன்று மூண்ட கோபம் இன்றளவும் தணியவில்லை.

தங்கையின் கணவர் வெல்டர். சென்னை ஏஜெண்டு ஒருவர் மூலம் வளைகுடா நாடொன்றுக்குச் சென்றார். கரையில் வேலை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போய் இறங்கிய பிறகே, நடுக்கடலில் எண்ணெய்க்காகத் துளையிடும் இரும்பு மேடையில் வேலை என்பது தெரிந்தது. படகில் வரும் ஆட்களை வலைக்கூடையில் நிற்கவைத்து, கிரேனால் அந்த மேடைக்குத் தூக்குவார்களாம். ஒரு நாள் அப்படித் தூக்கும்போது கூடை மேடையின் தூணில் மோதி, அவர் கடலில் விழுந்துவிட்டார். உடனிருந்த சாலவாக்கத்துக்காரர் ஊர் திரும்பியதும் நேரே எங்களிடம் வந்தார்.

"காத்து பேயா அடிக்குது, இன்னிக்கி வாணாம்னு எல்லாருந்தான் சொன்னோம். வேல நின்னா கம்பெனிக்கு நஷ்டமாம். ஏறலன்னா ஊருக்குப் போடான்னுட்டான் அந்த மேஸ்திரி."

கடலுக்கு அடியில் எந்த ஆழத்தில் எண்ணெய் உள்ளது என்று அறியக் கருவி வைத்திருந்தவர்கள், கண்முன் வீசிய காற்றை மதிக்கவில்லை. உடல் கிடைக்கவே இல்லை.

பங்காளிகள் கருமாதிக்கு நாள் குறித்தார்கள். பிறந்த வீட்டார் கோடிப் புடவை கொண்டுவந்த பிறகே பொட்டையும் தாலியையும் எடுப்பது எங்கள் வழக்கம். ஆகவே அண்ணனாகிய எனக்கு ஆள் அனுப்பினார்கள். தங்கையோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொகத்தக்கூட பாக்கலியே, எப்டிண்ணா கழட்டுவேன்?" என்றாள். அவளுடைய பெரிய மாமனாரிடம் எவ்வளவோ மன்றாடினேன். "கடல்ல போனவன் திரும்பி வருவானா? மொறன்னு ஒண்ணு கீது இல்ல?" என்று முடித்துவிட்டார்.

கருமாதியன்று காலையில்தான் அந்த ஏஜெண்டு, இறந்தவருடைய பெட்டியை ஒப்படைக்கக் காரில் வந்து இறங்கினார். கம்பெனி என்ன பதில் சொல்கிறது என்று கேட்டேன்.

"பாடி கெடைக்கல சார். கம்பெனி கணக்குல அவர் காணாமப் போனவர்தான். வேற கப்பல் எதுனா தூக்கியிருக்கலாம். செத்துட்டார்னு யாரும் சொல்ல முடியாது."

இறந்தார் என்று ஒப்புக்கொண்டால் நட்டஈடு தரவேண்டும். காற்றில் ஏன் ஏற்றினாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பசப்பு. ஏஜெண்டின் சட்டையைப் பிடிக்கப் போனேன். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"இன்னா சொன்ன நீ? சாகலியா? தோ, பந்தல்ல குந்திக்கினு கீறாங்களே, அவங்க காதுல வியற மாரி சொல்லு."

"அது வந்தும்மா, கம்பெனி..."

"கம்பெனி சொன்னதத்தான் சொல்லச் சொல்றேன். சாகலன்னா எனக்கு இன்னாத்துக்குக் கருமாதி? செத்துட்டார்னா அத்தச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லாம கார்ல ஏறிடுவியா?"

அதற்குள் காரைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குப் போய், சாவு நிச்சயமில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பெரிய மாமனார்தான் முதலில் எழுந்தார்.

"பேன்ட்டு போட்டவன் சொல்லிட்டான். எய்ந்துருங்கடா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பந்தல் காலியாயிற்று.

அவர் உயிரோடிருப்பதாக அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"அவரு போய்ட்டாருன்னு எனக்குத் தெரியாதாண்ணா? ஆனா கம்பெனிக்காரங்க வாயால அத்தச் சொல்லணும். அதுவரிக்கும் நான் எதையும் கழட்ட மாட்டேன்."

அவர்கள் இன்றுவரை சொல்லவில்லை, அவளும் கழற்றவில்லை. நடுக்கடலைத் துளைக்கத் துணிந்தவர்களுக்கு, ஒரு பெண்ணிடம் "உன் கணவர் எங்கள் வேலையில் இறந்தார்" என்று சொல்லும் துணிவு இல்லாமற் போனதை என்னால் மன்னிக்க இயலவில்லை. அந்தக் கம்பெனியின் கணக்கில் அவர் இறக்கவே இல்லை. ஆகையால், இங்கே நான் எழுதியிருப்பதையாவது பத்திரமாக வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.