இருமும் மிஷினைத் தேடி மருதனார்மடம் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் போய் நான் கோட்டையைப் பார்க்கவில்லை, தீவுகளுக்குப் படகு ஏறவில்லை, கடற்கரையில் நின்று படம் பிடித்துக்கொள்ளவில்லை. நான்கு நாள் பயணத்தில் பெரும்பகுதியை ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியிலும் ஒரு மிஷின் திருத்தும் கடையிலும் கழித்தேன். 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு சத்தத்தைத் தேடி ஊர் ஊராகப் போகும் கிறுக்கு உங்களுக்கும் இருந்தால் தொடர்ந்து வாருங்கள்.

நான் சென்னையில் ஒரு ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவள். குழு என்றால் மூன்றே பேர். பியானோ நிர்மலா, பேஸ் அருண், நான். பதினோரு வருடமாக ஹோட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் அடுத்தவர்களின் மெட்டுகளை வாசித்து வந்தோம். இந்த வருடம்தான் துணிந்து, எங்கள் சொந்த மெட்டுகள் ஆறைப் பதிவு செய்து ஆல்பமாக வெளியிடுவது என்று முடிவெடுத்தோம். நிர்மலாவுக்கு மெட்டு கொடுத்தது அவள் குடியிருப்பின் லிஃப்ட். மூடிக்கொண்டே வந்து, மனம் மாறித் திறக்குமே, அந்தக் கதவு. அருணுக்கு அவன் அம்மா தொலைபேசியில் பேசும்போது குரல் ஏறி இறங்கும் விதம். எனக்கு ஒரு தண்ணீர் இறைக்கும் மிஷின்.

இரண்டு வருடத்துக்கு முன் தோழி சுபாவின் கல்யாணத்துக்காக மானிப்பாய்க்குப் போயிருந்தேன். ஒரு காலை, சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு மருதனார்மடம் பக்கம் சுற்றியபோது தோட்டத்து ஒழுங்கை (அங்கே சந்துக்கு அப்படித்தான் பெயர்) ஒன்றில் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய இரும்புச் சக்கரத்தோடு நிதானமாக ஓடும் பழைய டீசல் மிஷின். ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழும். ஏழு அடியில் கடைசி அடி இருமலாக விழும், பிறகு மறுபடி தொடங்கும். போனில் நாற்பது வினாடி பதிவு செய்தேன். ஊர் திரும்பியதும் அந்த போனை ஓர் ஆட்டோவில் விட்டேன். நான் அப்படித்தான்.

பதிவு போனாலும் சத்தம் தலைக்குள் இருந்தது. அதை வைத்து ஏழு அடித் தாளத்தில் ஒரு மெட்டு எழுதினேன். முப்பத்தெட்டு வயதில் நான் எழுதிய முதல் மெட்டு. ஆனால் வாசித்தால் ஒட்டவில்லை. பொத்தான் ஒன்று மாற்றிப் போட்ட சட்டை போல எங்கேயோ இழுத்தது. எட்டு மாதம் ஒத்திகை பார்த்தோம். "இது ஏழா, ஏழரையா?" என்று அருண் கேட்டான். ஏழரைதான் பிடித்துவிட்டது என்று நிர்மலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஸ்டுடியோ. புதன்கிழமை அருண் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்புகிறான், இரண்டு வருடம் வரமாட்டான். திங்களன்றும் இந்த மெட்டு உட்காரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு ஐந்தோடு முடித்துக்கொள்வது என்று மூவரும் பேசி முடிவு செய்திருந்தோம். அந்த மிஷினை இன்னொரு முறை கேட்டால்தான் எனக்கு விடிவு. சுபாவிடம் சொன்னேன். மிஷின்காரரைக் கண்டுபிடித்து, சென்னையிலிருந்து ஆள் வருகிறது என்று சொல்லி வைப்பதாகச் சொன்னாள். அங்கேதான் வினை தொடங்கியது.

வியாழன் காலை சென்னையில் விமானம் ஏறினேன். சின்ன விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம். மைக், பதிவுக் கருவி கொண்டுபோகிறவர்கள் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மைக்குகளைப் பார்த்த அதிகாரி எதற்கு என்று கேட்டார். இறைப்பு மிஷினின் சத்தத்தைப் பதிவு செய்ய என்றேன். இன்னொரு தடவை கேட்டார், இன்னொரு தடவை சொன்னேன். பிறகு போகச் சொல்லிவிட்டார். பலாலியிலிருந்து மானிப்பாய் விடுதிக்கு ஓட்டோவில் சுமார் பதினைந்து கிலோமீட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் (இனி வருவதெல்லாம் இலங்கை ரூபாய்). பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தள்ளி, மின்விசிறி அறை, ஒரு நாளைக்கு ஐயாயிரம். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் அதற்குள் அடக்கம். சைக்கிள் வாடகை நாளுக்கு ஐந்நூறு. பாதை சமதரை, மருதனார்மடம் வரையான ஐந்து கிலோமீட்டரை அரை மணியில் மிதித்துவிடலாம். வெயில்தான் ஆளைக் கொல்லும், தொப்பியை மறக்காதீர்கள்.

வெள்ளி காலை எட்டரைக்குத் தோட்டத்துக்குப் போனேன். மிஷினின் சொந்தக்காரர் சிவபாலன் அண்ணை ஒழுங்கை முகப்பிலேயே நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சலவைச் சட்டை போட்டிருந்தார். தோட்ட வேலைக்கு யாரும் அப்படி உடுத்துவதில்லை, எனக்காகத்தான். பின்னால் அவர் மனைவி மலரக்கா. இருவரும் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்கள்.

மிஷின் பச்சைப் பெயின்டில் பளபளத்தது. சக்கரத்தில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"சென்னையிலை இருந்து ஆள் வாறா எண்டு சுபா சொன்னவ. விக்கி விக்கி ஓடினதை அந்தச் சீத்துவத்தோடை என்னெண்டு காட்டுறது? அதுதான் தேவனைப் பிடிச்சு முழுக்கத் திருத்திப்போட்டன்" என்றார் சிவபாலன் அண்ணை.

கைப்பிடியைச் சுழற்றினார். மிஷின் பிடித்துக்கொண்டது. ஒரு பிசிறு இல்லை, ஒரு தும்மல் இல்லை. கடிகாரம் தோற்றது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வெங்காயப் பாத்திகளுக்குள் போனது. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி வருகிறாள் என்று வீட்டைக் கூட்டி மெழுகி வைத்தவர்களிடம், குப்பையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? மைக்குகளை நிறுத்தி, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, அந்தக் குறையில்லாத சத்தத்தை இருபது நிமிடம் பதிவு செய்தேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்திருப்பேன்.

"ஏன் தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? தேத்தண்ணிக்குச் சீனி காணாதோ?" என்று மலரக்கா கேட்டார்.

அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன். இருமலைத் தேடி வந்தது, மெட்டு, எட்டு மாத ஒத்திகை, திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலரக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிவபாலன் அண்ணை சிரிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"உந்த இருமலாலை ஆறு வருசமா ஊர்ச்சனம் எங்களைப் பகிடி பண்ணினது. நீங்கள் அதைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறியள்" என்றார் மலரக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தார் சிவபாலன் அண்ணை. அவர் பின்னால் உட்கார்ந்து மருதனார்மடம் சந்திக்குப் போனேன். சந்தைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட கடை. மிஷின் திருத்தும் தேவன் அண்ணை ஒல்லியான மனிதர், முழங்கை வரை கிறீஸ். விஷயத்தைச் சொன்னதும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் திருத்திறவன் தங்கச்சி. பழுதாக்கிறதுக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

அவமானப்பட்டுவிட்டார் என்று புரிந்தது. ஒரு நல்ல வேலையைச் செய்து முடித்தவரிடம் அதைக் கலைத்துவிடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியாமல், பக்கத்திலிருந்த வெறும் பீப்பாயில் அந்தத் தாளத்தை விரலால் தட்டிக் காட்டினேன். ஏழு, ஏழு, ஏழு.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நான்கு சுற்று வரை பொறுத்தார்.

"பிழை. நீங்கள் ஒண்டை விழுங்கிப்போட்டியள்."

எந்த மிஷினையும் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பதுதான் தன் வழக்கம் என்றார். நோய் எங்கே என்று அதுவே சொல்லிவிடுமாம். பிறகு வாயால் செய்து காட்டினார். டுக் டுக் என்று ஏழு அடி. அடுத்து உதடு மூடியிருக்க, தலை மட்டும் ஒருமுறை கீழே போய் வந்தது. அதன்பிறகுதான் மறுபடி டுக்.

அந்தத் தலையசைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழு அல்ல. எட்டு. எட்டாவது அடிக்குச் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

"எண்ணெய் எரியேல்லை எண்டாலும் சக்கரம் சுத்தத்தானே வேணும்? அதுக்கு நேரம் எடுக்கும்தானே" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

பதினேழு வருடமாகத் தாளம் போட்டுச் சாப்பிடுகிறவள் நான். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் மனித வாய்க்கும் மிஷினுக்கும் வித்தியாசம் உண்டு. அவரும் என்னைப் போலவே தவறாக நினைவில் வைத்திருந்தால்? அதைக் கேட்டேவிட்டேன். அவருக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது போல. கடைக்குள் போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கழற்றிய பழைய நொசில்கள் பத்துப் பன்னிரண்டு, டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் விரலளவு உறுப்புகள். சாமான் வராத காலத்தைப் பார்த்த ஊர், யாரும் எதையும் எறிவதில்லை. சிவபாலன் அண்ணையின் நொசில் அடியில் கிடந்தது.

இரண்டு நிபந்தனை போட்டார். பதிவு முடிந்த கையோடு புது நொசிலைத் திரும்பப் பூட்டிவிடுவார், நோயோடு ஒரு மிஷினை விட்டுவிட்டுப் போக மாட்டார். இரண்டாவதைப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அவர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்விட்டு வர மதியமாகிவிட்டது. அன்று சந்தி முழுக்க வாகன நெரிசல், நீங்கள் போவதானால் வேறு நாளில் போங்கள். பின்னேரம் மூன்றரைக்குப் பழைய நொசிலைப் பூட்டினார். மிஷின் கிளம்பவில்லை. மறுபடி சுழற்றினார்கள், கிளம்பிக் கரும்புகை கக்கி நின்றது. நாலரை ஆனது. மறுநாள் காலை எனக்கு விமானம். சிவபாலன் அண்ணை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே கைப்பிடியைச் சுழற்றினார், மலரக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். தேவன் அண்ணை ஒரு மரையைக் கால் சுற்றுத் தளர்த்தினார், கேட்டார், திரும்ப அரைக்கால் இறுக்கினார். ஐந்து பத்துக்கு மிஷின் இருமியது.

காதொலிப்பானுக்குள் எண்ணினேன். ஏழு அடி, ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குள் சக்கரம் காற்றைக் கிழித்துச் சுற்றும் சன்னமான ஓசை. அதைத்தான் இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடம் பதிவு செய்தேன். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், மலரக்கா தண்ணீர் கொடுத்தார். அருணுக்கு அனுப்பினேன். 'எட்டு. தலையில் அடித்துக்கொள்' என்று பதில் வந்தது.

ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே தேவன் அண்ணை இரண்டாவது நிபந்தனையைச் சொன்னார்.

"கேக்கிற சனம், தேவன் வடிவாச் செய்யேல்லை எண்டு நினைக்கக் கூடாது. திருத்தின சத்தத்தையும் போடுங்கோ."

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தோட்டங்களில் இறைப்பு கேட்க வேண்டுமானால் மழை இல்லாத மாதங்களில், காலை ஏழிலிருந்து பத்துக்குள் போங்கள். நான் போனது ஜூன். நல்லூர்த் திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். மருதனார்மடத்திலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு எழுபது ரூபாய், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். யார் தோட்டத்துக்குள்ளும் கேட்காமல் மைக்கை நீட்டாதீர்கள், கேட்டால் மறுக்கிறவர் இல்லை. முக்கியமானது ஒன்று. ஏதாவதைப் பார்க்க வருகிறேன் என்று முன்கூட்டிச் சொன்னால், அதில் எது உங்களுக்குப் பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அன்போடு திருத்தி வைத்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை எங்கள் மெட்டு இரண்டாவது தடவையிலேயே உட்கார்ந்தது. எட்டாவது அடி வரும்போது மூவரும் வாசிக்காமல் தலையை மட்டும் அசைத்தோம், தேவன் அண்ணை செய்தது போல. புதன்கிழமை அருண் நிம்மதியாக விமானம் ஏறினான். ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் ஆறாவது மெட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பின் நாற்பது வினாடி ஒரு மிஷின் ஓடும், ஒரு பிசிறு இருக்காது. அதன்மேல் நாங்கள் யாரும் எதையும் வாசிக்கவில்லை.