பிச்சைமணியின் இடது குதிகால்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் பிச்சைமணிக்கு உலகத்தில் இரண்டே நோய்கள்தான்: ஒன்று வாயு, மற்றது பிடிப்பு. இந்த இரண்டை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக வெளியூர் முதுகுகளை அறைந்து வந்தார். யாரும் திரும்பி வந்து மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமென்றால் அடுத்த சாரலுக்கல்லவா வர வேண்டும்!

வைகாசி பிறந்ததும் அவருடைய இடது குதிகாலுக்கு வந்தது வினை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறும். பத்தடி நடந்தால் அடங்கிவிடும். ராத்திரி தேய்த்த எண்ணெய்தான் கேட்டது என்று முடிவு கட்டி, அன்றைக்கு இன்னும் அழுத்தித் தேய்ப்பார். மறுநாளும் ஆணி, பத்தடி, வெற்றி. இப்படி முப்பத்தேழு நாள் விடாமல் குணமானார்.

"தெனமும் குணமாவுதிய. என்னைக்குத்தான் ஒழுங்கா நடப்பிய?" என்றாள் மனைவி உலகம்மாள்.

பிச்சைமணியின் பயம் வேறு. சீசன் மூன்று மாதம்தான். நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். நொண்டுகிறவனிடம் எவன் முதுகைக் கொடுப்பான்? பக்கத்துப் பெஞ்சில் தொழில் நடத்தும் உச்சிமாகாளி அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டார்.

"என்னவே, நடையில நளினம் கூடியிருக்கு?"

"தரை வழுக்குதுவே."

"எனக்கு மட்டும் வழுக்கலியே. யூரிக் ஆசிட்டா இருக்கும், கறிய விடும்."

கறியை விட்டார். வலி விடவில்லை. தென்காசிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார். குதிகால் எலும்பில் முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வில்லன் அகப்பட்ட பெருமையோடு படத்தைப் பிசியோதெரபிஸ்ட் உமா மகேஸ்வரியிடம் நீட்டினார். அவள் அதை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தாள். பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, குதிகாலின் உள்பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஊரையே அலற வைத்தவர் அலறினார்.

குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து நெருக்கினாள். "வலிக்கா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

"எலும்பு கீறியிருந்தா இங்கன உயிர் போவும்." கணுக்காலுக்கு உள்பக்கம் தட்டினாள். "சுருசுருன்னு எரியுதா?"

"இல்ல."

"அப்ப நரம்பும் இல்ல. குதிகாலுக்கு மேல பின்னங்கால் நரம்புன்னு சொல்லுவாங்களே, அந்தத் தசைநாரும் நல்லாருக்கு. வீக்கமில்ல, செவப்பில்ல, யூரிக் ஆசிட் மேல பழி போட முடியாது."

"அந்த முள்ளு?"

"வலியே இல்லாதவங்க காலுலயும் அது இருக்கும். குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு தடிச்ச சவ்வு ஓடுது, அதுதான் நொந்துருக்கு. தூங்கையில இறுகிப்போவும், முதல் அடியில சடார்னு இழுபடும், நடந்தா இளகும். நீங்க எண்ணெய்க்குப் பேர் வாங்கிக் குடுத்திருக்கிய."

கட்டைவிரலைவிட இது வலித்தது.

கட்டிலிலேயே காலை நீட்டி மடக்க வேண்டும், முரட்டுத் தேய்ப்பு கூடாது, மெத்தென்ற ஷூ இல்லாமல் நிற்கக் கூடாது, ஆற மாதக்கணக்காகும் என்று அடுக்கினாள்.

"எண்ணெய்ப் பெஞ்சுல ஷூவாம்மா? சிரிப்பானுவ!"

"சீசன் முழுக்க நிக்கணுமா, வேண்டாமா?"

மறுநாள் தடித்த நீல ரப்பர் ஷூவோடு நின்றார். உச்சிமாகாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது வந்த மதுரைக்காரர் ஒருவர், உச்சிமாகாளியின் வெறுங்காலைப் பார்த்தார், நீல ஷூவைப் பார்த்தார், பிச்சைமணியின் பெஞ்சில் மரியாதையாகக் குப்புறப் படுத்தார்.

"நீங்க தெரபி படிச்சவரா?"

அருவி இரைச்சலில் கேள்வி சரியாகக் கேட்காதவர்போல, பிச்சைமணி ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். ஷூவுக்குள் குதிகால் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. வரிசையில் மூன்று பேர் நின்றார்கள்.