கூடலூரில் கட்டிய பேனர்

உக்குவளை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வின்சன்ட் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தான். போட்டோகொப்பி அடிப்பது, வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, சிங்களம் எழுதத் தெரியாத தோட்டத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவான். 'ரயில் கடவை' என்று ஒரு வலைப்பூ. எழுதுகிறவர் பெயர் 'கடவைக்காரன்'. நோர்வேக்காரன் எங்கே சறுக்கினான், டெல்லி எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறது, சீனாக்காரனுக்கு அம்பாந்தோட்டையில் என்ன வேலை என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. எந்த ஜனாதிபதியும் அதைப் படித்துவிட்டு முடிவை மாற்றியதாகத் தகவல் இல்லை. படிக்கிறவர்கள் கொஞ்சப் பேர், அவர்களிலும் பாதி கனடாவிலிருந்து திட்டுவதற்கென்றே வருகிறவர்கள்.

"டெல்லிக்குப் புத்தி சொல்லி முடிஞ்சிருச்சின்னா இந்த கேஸ் சிலிண்டர கொஞ்சம் மாத்திக் குடுங்க" என்பாள் அவன் மனைவி கொறற்றி.

சிரிக்கலாம்தான். ஆனால் வெளிநாட்டுக் கொள்கை என்பது மற்றவர்களுக்குப் பத்திரிகைச் செய்தி. வின்சன்டுக்கு அது அவன் அம்மாவைக் கொண்டுபோன சங்கதி.

அப்பா இஞ்ஞாசியும் அம்மா மார்கிரட்டும் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். வரிசையாகக் கட்டிய லயத்தில் அடுத்த காம்பராவில் அம்மாவின் அக்கா டொறீன் இருந்தாள். புருஷன் செத்துப்போனவள், பிள்ளை இல்லாதவள். அறுபத்து நான்கில் டெல்லியில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, தோட்டத்துச் சனத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்து இன்னொரு தடவை உட்கார்ந்து பாதிக்குப் பாதி பிரித்தார்கள். மாட்டை விற்கிறவன்கூடக் கன்று எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பான். இவர்கள் அதையும் பார்க்கவில்லை.

விண்ணப்பம் எழுதிய காலத்தில் டொறீன் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனிக்கட்டை என்றால் தன்னை எந்த நாட்டுக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்களாம், வின்சன்டைத் தன் பேரில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வின்சன்டுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு காம்பராவிலும் மாறி மாறிச் சோறு தின்று வளர்கிறவன். "காயிதத்துலதானேக்கா" என்று மார்கிரட் சம்மதித்தாள். அக்காவும் தங்கச்சியும் பிள்ளைகளை மாற்றி வளர்ப்பது தோட்டத்தில் எப்போதும் உள்ளதுதான். அதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தங்கச்சி குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. அக்காவுக்கு இலங்கை விழுந்தது. அக்காவோடு சேர்ந்து வின்சன்டுக்கும் இலங்கை விழுந்தது.

எழுபத்தைந்தில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, கூப்பன் மாவுக்கும் வழியில்லாமல் சனம் தெருவுக்கு வந்த பஞ்சத்தில், இஞ்ஞாசி குடும்பம் மாத்தளையில் கோச்சி ஏறியது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். ஏறினவர்களும் ஏற்றிவிட்டவர்களும் மாரடித்து அழுததால் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர். மார்கிரட் இடுப்பில் கைக்குழந்தை மைக்கல். ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி ஒன்பது வயது வின்சன்டின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பெரியம்மாவோட அடுத்த கப்பல்ல வந்துரணும், என்ன?"

அவன் தலையாட்டினான். அடுத்த கப்பல் என்று ஒன்று அவனுக்கு வரவேயில்லை. எண்பத்து நான்கில் யுத்தத்தால் கப்பலே நின்றுபோயிற்று. அதற்கு முன்பே டொறீன் அவனைக் கூட்டிக்கொண்டு உக்குவளைக்கு வந்து, பதுர்தீன் நானாவின் சரக்குக் கடையில் மிளகு புடைக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். எண்பத்து மூன்று ஆடியில் அவர்கள் இருந்த அறையை எரித்தபோது நானாதான் இரண்டு பேரையும் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். டொறீன் சாகும்போது, "ஒங்கம்மாக்கிட்ட என்னைய மன்னிக்கச் சொல்லு" என்றாள். சொல்ல அவனிடம் விலாசம்கூட இருக்கவில்லை.

சமாதானப் பேச்சு நடந்த வருஷங்களில், கொமியூனிகேஷன் போட்ட புண்ணியத்தில், யார் யாரையோ விசாரித்து மைக்கலைக் கண்டுபிடித்தான். கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம், அங்கேயும் லயம்தான். அங்கே போய்ச் சேர்ந்த சில வருஷத்திலேயே அப்பா காய்ச்சலில் செத்துப்போனாராம். மைக்கல் ஆட்டோ ஓட்டினான். அம்மா இருந்தாள். முதல் நாள் போனில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எப்போது பேசினாலும் அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"ஒம்மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுப்பா. ஒம்பது வயசு மூஞ்சிதான் வருது."

கடையின் நீலச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து, தன் வலைப்பூவின் விலாசத்தோடு மைக்கலுக்கு மெயிலில் அனுப்பினான். மைக்கல் அதைக் கழுவி அம்மா கையில் கொடுத்தான். அவள் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாளாம். கண்ணில் பூ விழுந்து நாளாயிற்று. "ஒண்ணுந் தெரியலடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து வின்சன்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரில் போக வேண்டும், தன் முகத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. பாஸ்போட் எடுக்க இரண்டு வருஷம் அலைந்தான். இரண்டாயிரத்தொன்பது ஜனவரியில் கண்டிக்குப் போய் விசாவும் குத்திக்கொண்டு வந்தான். ஈஸ்டருக்கு அம்மாவோடு பூசைக்குப் போவது என்று முடிவு.

அது கெட்ட காலம். வன்னியில் செல் விழுந்து சனம் செத்துக்கொண்டிருந்தது. கொழும்பில் எழுதுகிறவர்களை நடுத்தெருவில் சுட்டார்கள், வெள்ளை வான் வண்டியில் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுதாதே என்று கொறற்றி கெஞ்சினாள். அவனும் நிறுத்தத்தான் இருந்தான். கேட்டானா? விசா கிடைத்த சந்தோஷமோ, செய்தி பார்த்த வயிற்றெரிச்சலோ, கடைசியாக ஒன்று எழுதினான்.

'நான் யார் பிள்ளை என்று என் தாய் முடிவு செய்யவில்லை. டெல்லியும் கொழும்பும் முடிவு செய்தன. வடக்கில் சாகிற சனத்துக்காக டெல்லி இன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். எங்களுக்காக வாய் திறந்தபோது அது எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதா? இரண்டு அரசாங்கம் சண்டை போட்டாலும் சாகிறது நாம்தான். கைகுலுக்கினாலும் பிரிகிறது நாம்தான்.'

அதில் அவன் ஊரும் இல்லை, பேரும் இல்லை. அந்த இரண்டையும் மைக்கல் போட்டான்.

பிப்ரவரியில் ஒரு காலை கடையைத் திறந்து வலைப்பூவைப் பார்த்தால், பின்னூட்டத்தில் தம்பி. 'அண்ணே, பாருங்க!' என்று ஒரு செய்தித் தளத்தின் சுட்டி. கூடலூர் பஸ் நிலையத்தில், இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி ஒரு கூட்டம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பேனர், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதில் நீலச் சுவருக்கு முன்னால் வின்சன்ட் சிரித்துக்கொண்டு நின்றான். கீழே கொட்டை எழுத்தில்: 'ஈழத்தின் பேனா முனை! ரயில் கடவை தந்த மாத்தளை வின்சன்ட்!' அதற்கும் கீழே, 'இவண், அன்புத் தம்பி கூடலூர் மைக்கல், ஆட்டோ ஓட்டுநர் சங்கம்'.

வின்சன்ட் உடனே போன் போட்டான்.

"டேய், அத கழட்டுடா!"

"ஏண்ணே? ஊரே ஒங்களப் பத்தித்தான் பேசுது. நீங்க எழுதுனத நாந்தான் மைக்குல படிச்சேன். எல்லாரும் அழுதுட்டாங்கண்ணே."

"எம் பேர எதுக்குடா போட்ட? ஊர எதுக்குடா போட்ட?"

"சொந்த அண்ணன் பேரப் போடாம யாரு பேரப் போடுறது? நீங்க தப்பா ஒண்ணும் எழுதலையேண்ணே."

"தப்பா எழுதுனாத்தான் புடிப்பானுங்கன்னு ஒனக்கு யாருடா சொன்னது? கழட்டு அத, இப்பவே கழட்டு!"

மைக்கலை என்ன சொல்வது? தெருவுக்குத் தெரு பேனர் கட்டுகிற ஊர் அவனுடையது. பிறந்த நாளுக்கும் கட்டுவார்கள், காதுகுத்துக்கும் கட்டுவார்கள். ஒருவன் பேரைப் பெரிதாக எழுதினால் அவனுக்கு மரியாதை என்றுதான் அங்கே வளர்ந்தவனுக்குத் தெரியும். இங்கே பேர் தெரியாமல் இருப்பதுதான் உயிர் என்பது கைக்குழந்தையில் கப்பலேறினவனுக்கு எப்படித் தெரியும்? மைக்கல் அன்றைக்கே பேனரைக் கழற்றினான். இணையத்தில் போன படத்தை யார் கழற்றுவது?

பதுர்தீன் நானாவுக்கு வயதாகி நடை தளர்ந்திருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். அந்தப் படத்தை அவர் பேரன் காட்டியிருக்கிறான். "வின்சன்ட், இங்க இருக்கவாணாம். டிக்கட்ட மாத்திக்கிட்டு சுருக்கா போயிருங்க" என்றார். அவனும் அன்றைக்கே டிக்கட்டை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை புறப்படுவது என்று ஏற்பாடு. அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் வான் வந்து நின்றது. சாதாரண உடுப்பில் மூன்று பேர். போட்டோகொப்பி எடுக்க வந்தவர்கள் மாதிரி ஒரு தாளை நீட்டினார்கள். அதில் அந்த பேனர் படம்.

விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அவன் எழுதியதை யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். கேள்வியெல்லாம் சிங்களத்தில்தான்.

"உன் ஊர் எது?"

"மாத்தளை, சேர்."

"மாத்தளையில் ஏதடா ஈழம்?"

"அதைத்தான் சேர் நானும் சொல்றேன்."

அதற்கு விழுந்த அறையில் இடது காது இரண்டு வாரம் இரைந்தது. தோட்டத்துப் பிள்ளை, வடக்கைக் கண்ணாலும் கண்டதில்லை, எவரையும் தெரியாது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். இந்தியாவில் உன்னை ஈழத்தின் ஆள் என்று பேனர் கட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று கேட்டார்கள். அந்த ஒப்பந்தங்களுக்குப் பிறகு அவனைப் பற்றி இரண்டு நாடும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு, தெற்கே ஒரு தடுப்பு முகாமில் போட்டார்கள்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. வெளியே பட்டாசு வெடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் வெற்றிப் பாற்சோறு கொடுத்தார்கள். பசி, அவனும் தின்றான். தின்றுவிட்டு அன்றிரவெல்லாம் அழுதான்.

கொறற்றி மாதம் ஒரு தடவை பஸ் மாறி மாறி வந்து பார்த்தாள். அம்மா எப்படி என்று கேட்டால், "இருக்காங்க, ஒங்களத்தான் கேக்குறாங்க" என்பாள். ஆகஸ்டில் அதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கவனிக்கவில்லை. அவன் மனசெல்லாம் மைக்கல்தான் இருந்தான். வெளியே போனதும் அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தான். பால்குடியிலேயே அம்மாவை எடுத்துக்கொண்டவன், இப்போது அவளைப் பார்க்கவும் விடாமல் செய்தவன். அந்த ஆத்திரம்தான் உள்ளே அவனைச் சாகாமல் வைத்திருந்தது என்றும் சொல்லலாம்.

ஒக்டோபரில் குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். பாஸ்போட் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்ததும் கொறற்றி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா ஜூலையிலயே போய்ட்டாங்க. உள்ள வச்சு ஒங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. என்னைய ஏசிக்கிங்க."

அவன் அவளை ஏசவில்லை. எழுந்து கடைக்குப் போனான். தூசி படிந்த போனை எடுத்து மைக்கலுக்கு அடித்தான். சேர்த்து வைத்ததையெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இருந்தான்.

"அண்ணே..." என்று எடுத்தவுடனே மைக்கல் அழுதான். வின்சன்ட் பேசுவதற்குள் அவனே பேசிக்கொண்டு போனான்.

"ஜூன் மழ இந்தத் தடவ கொட்டித் தீத்துருச்சுண்ணே. தகரமெல்லாம் ஓட்ட. அம்மா படுத்த படுக்கையாயிட்டாங்க, கட்டில் மேலயே ஒழுகுது. வேற ஒண்ணுமில்ல, அந்த பேனரக் கழட்டிச் சுருட்டி வச்சிருந்தேன்ல, அதத்தான் எடுத்து உள்பக்கமாக் கட்டிவிட்டேன். தெரியாமத்தாண்ணே படம் கீழ வந்துருச்சு. காலையில அம்மா மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேலயே பாக்குறாங்க. சின்ன போட்டாவுல ஒண்ணுந் தெரியலன்னவங்க, 'டேய், வின்சன்டுடா'ங்கறாங்க. 'நரச்சுப் போச்சே இவனுக்கு, அப்பா நெத்தி அப்பிடியே இருக்கு'ங்கறாங்க. அதுக்கப்புறம் ஒரு மாசம் ஒங்களப் பாத்துக்கிட்டேதாண்ணே கெடந்தாங்க. ராத்திரி வெளக்க அணைக்க விடல."

கடைக்கு வெளியே மாத்தளைக் கோச்சி ஊதிக்கொண்டு போயிற்று.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கழட்டச் சொன்னீங்க, நாந்தான் திரும்பக் கட்டிட்டேன். இன்னும் அங்கனதான் இருக்கு. கழட்டிரவா?"

வின்சன்ட் சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அங்க இப்ப மழையாடா?"

"பெய்யிதுண்ணே."

"அப்ப இருக்கட்டும்டா. கழட்டாத."