சிறிய அளவுக் கைப்பிடி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வார ஆலோசனைக்குப் பிறகு, நான் வாங்கப்போகும் பிஸ்டலின் கைப்பிடி சிறிய அளவிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். எட்டு ஆண்டுகள் விட்டுப்போன குறிசுடுதலுக்குத் திரும்புகிறவன் எடுக்கும் முடிவு என்பதால் குளித்துவிட்டுத்தான் எடுத்தேன். இதை முதலில் அறிய வேண்டியவர் வெள்ளையம்மாள். செம்மேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். மலையில் எல்லோருக்கும் நர்சம்மா. அவர் எண்ணை அழைத்தேன். எடுத்தவர் அவருடைய மருமகன் குமார்.

"சாருங்களா? அத்தை தவறிட்டாங்க சார். விடியக்காலம் நெஞ்சு வலின்னாங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு." பிறகு, "நீங்க என்ன விசயமாக் கூப்பிட்டீங்க?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

அவரை அறிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் குழந்தைகளாக இருந்தபோது அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். இன்னொரு வகையினர் அடிவாரத்து ரைபிள் கிளப்பில் அவரோடு நின்று சுட்டுத் தோற்றவர்கள். நான் இரண்டாம் வகை. இதை இருவகையினருக்குமாக எழுதுகிறேன்.

அவர் கிளப்புக்கு வந்தது சுடுவதற்காக அல்ல. போட்டி நடந்த ஒரு நாளில் முதலுதவிப் பெட்டியோடு அனுப்பப்பட்டார். யாருக்கும் காயம் படாததால் மாலைவரை நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது போகாத செயலாளர், "நர்சம்மா, நீங்களும் ஒரு கை பாருங்களேன்" என்றார். எங்கே பார்த்துச் சுட வேண்டும் என்று அவர் கேட்டார். குறி வட்டம் போட்ட அட்டையை அல்ல, குழலின் நுனியில் நிற்கும் சிறிய இரும்பு முனையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அது எனக்கே மூன்று ஆண்டு கழித்துப் புரிந்த விஷயம்.

"அதானுங்களே" என்றார் அவர். "ஊசி போடறப்ப கொழந்தை மூஞ்சியைப் பார்த்தா கை நடுங்கிப் போயிடும். ஊசி முனையைத்தான் பார்க்கோணும்."

ஐந்து முறை சுட்டார். அட்டையை எடுத்துவரச் சென்ற செயலாளர் திரும்பி வர நேரமானது. அன்று கோப்பை வாங்கியவன் நான். அந்தக் கோப்பையை அதன்பின் வீட்டில் யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

கிளப்பில் பொதுவுக்கு ஒரே ஒரு பிஸ்டல் இருந்தது. அதன் கைப்பிடி யாரோ பெரிய கைக்காரருக்காகச் செய்தது. வெள்ளையம்மாளின் கை சிறியது. விரல் விசைக்கு எட்டுவதற்குள் மணிக்கட்டு திரும்பிவிடும். கை நழுவித் திரும்பாமல் இருக்க மருத்துவமனைப் பிளாஸ்திரியைக் கைப்பிடியில் பட்டைபட்டையாக ஒட்டி மேடு கட்டிக்கொள்வார், சுட்டு முடித்ததும் பிரித்துவிடுவார். அடுத்துச் சுடுகிறவரின் கையில் பசை ஒட்டும். "நர்சம்மா, துப்பாக்கிக்கு என்ன காயம்?" என்று கேலி செய்வார்கள். "காயம் உங்களுக்குத்தானுங்க, பாயின்டு பார்த்தீங்களா?" என்பார். ஆனாலும் அந்தப் பிளாஸ்திரி அவரைக் கொஞ்சம் கூச்சப்படுத்தியது. தன் கைக்குச் சேர்ந்த ஒரு பிஸ்டல் வேண்டும் என்று உரிமத்துக்கு விண்ணப்பித்தார். தன்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பெயர்களைக் கொடுத்தார். ஒன்று, மலையிலேயே எடப்புளி நாடு என்னும் ஊர்ப்பகுதியில் இருக்கும் அவருடைய தம்பி ராமசாமி. இன்னொன்று நான்.

விசாரணைக்கு ஒரு காவலர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். காபி கொடுத்தேன். நர்சம்மாவின் குணத்தை விசாரித்தார், தங்கம் என்றேன். கடைசியாக, "துப்பாக்கி கையில கிடைச்சா தப்பா எதுக்காச்சும் எடுப்பாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் விசாரணை அங்கே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு வாக்கியம் தோன்றிவிட்டது. வாக்கியம் தோன்றினால் அதைச் சொல்லாமல் விடும் வழக்கம் எனக்கு இல்லை.

"மனுசங்க யாரும் பயப்பட வேண்டாம். அவங்க மரவள்ளிக் காட்டுல கிழங்கு தோண்டுற பன்னிங்கதான் இனி நிம்மதியாத் தூங்காது" என்றேன்.

காவலர் சிரித்தார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பேசியதை ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தது அதுவே முதல் முறை. அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

நான்கு மாதம் கழித்து வெள்ளையம்மாள் ஒரு பழுப்பு உறையோடு வந்தார். விண்ணப்பதாரர் துப்பாக்கியைக் காட்டுப்பன்றிகளுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடும் என்று அவரை நன்கு அறிந்த ஒருவர் விசாரணையில் தெரிவித்திருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அலுவலக நடைக்கு மாறியதில் சிரிப்பு மட்டும்தான் உதிர்ந்திருந்தது. மற்றபடி பன்றி உட்பட எல்லாம் என்னுடையவை.

"என்னைய நல்லாத் தெரிஞ்ச ஆளாமுங்க" என்றார். "ரெண்டே பேருதானே கொடுத்தேன். நீங்க ஒண்ணு, எந்தம்பி ஒண்ணு."

நான் காகிதத்தை இரண்டாம் முறை படிப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க படிச்சவரு. இப்படியெல்லாம் பேச மாட்டீங்க. அவன்தான். பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கின்னு ஆரம்பத்துலயே கேட்டவன். டீக்கடையில உக்காந்து பன்னிக் கதை பேசுறவனும் அவன்தானுங்க."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே சொற்கள்: சொன்னது நான்தான் என்று. அதற்குப் பதிலாக, "இது அநியாயம், மேல்முறையீடு செய்யலாம். நானே எழுதித் தருகிறேன்" என்றேன். எழுதியும் தந்தேன். நான்கு பக்கம். பொறுப்பற்ற ஒருவரின் ஆதாரமில்லாத பேச்சு என்று என் பேச்சைக் கண்டித்திருந்தேன். நான் எழுதியவற்றில் உண்மை மிகுந்தது அதுதான். வெள்ளையம்மாள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உங்களாட்டம் ஒருத்தரு போதுமுங்க" என்றார். மறுநாள் ஒரு தார் வாழைப்பழம் அனுப்பினார். சாப்பிட்டோம்.

மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்த வாரமே அவர் எடப்புளி நாட்டுக்குப் போய்த் தம்பியிடம் கேட்டிருக்கிறார். தான் நல்லபடியாகத்தான் சொன்னதாக ராமசாமி சொன்னார். வெள்ளையம்மாள் நம்பவில்லை. அதன்பின் எட்டு ஆண்டு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ராமசாமி பந்தியில் என் பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா உங்ககிட்ட நல்லாப் பேசுமுங்களே, ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நான் கிளப்புக்குப் போவதை நிறுத்தியது ஏன் என்று சிலர் கேட்டதுண்டு. மணிக்கட்டு வலி என்று சொல்லிவந்தேன். பிளாஸ்திரி ஒட்டும் ஒருவருக்கு அடுத்த இடத்தில் நின்று சுட முடியவில்லை என்பது சரியான விடை. வெள்ளையம்மாளிடமும் மணிக்கட்டைத்தான் காட்டினேன். அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "வீக்கம் ஒண்ணும் காணமுங்களே" என்றார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும் செய்தார். பிஸ்டலை விற்றுவிட்டு, உரிமத்தை மட்டும் புதுப்பித்து வைத்திருந்தேன்.

இந்த ஆண்டு என்னைத் திரும்ப இழுத்தவர் அவர்தான். "ஏனுங்க சார், கண்ணு நல்லாருக்கறப்பவே வந்துடுங்க. அப்புறம் அட்டை எது செவுரு எதுன்னு தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புதிதாக எதை வாங்குவது என்று சேலத்தில் ஒரு கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் முதலில் ஒரு ரிவால்வரை எடுத்து என்னிடம் நீட்டினார். கனமானது, பளபளப்பானது. அதைப் பிடித்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. வெள்ளையம்மாள், "போட்டோவுக்கு நல்லாருக்கும், வைங்க" என்றார். அடுத்தது உரிமம் தேவைப்படாத காற்றுப் பிஸ்டல். அதை அவர் தொடாமலே வேண்டாம் என்றார். மூன்றாவது, யாரோ வைத்திருந்து விற்ற பாயின்ட் இருபத்திரண்டு பிஸ்டல். அதற்கு இரண்டு அளவில் மரக் கைப்பிடி இருந்தது, நடுத்தரமும் சிறியதும்.

தேர்ந்தெடுக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்க வேண்டும். கை தானாக ஓரிடத்தில் நிற்கும்போது கண்ணைத் திறக்க வேண்டும். முனை நேராக இருந்தால் அந்தத் துப்பாக்கி நம்முடையது, சாய்ந்திருந்தால் இன்னொருவருடையது. "கண்ணைத் தெறந்துட்டே தூக்குனா நாமளே நேராக்கிக்குவோம். அப்புறம் நல்லாருக்குன்னு சொல்லிக்குவோம்" என்றார். நடுத்தரக் கைப்பிடி எனக்கு நேராக நின்றது. பிறகு சிறிய கைப்பிடியை மாட்டச் சொல்லி அவர் தூக்கிப் பார்த்தார். கண்ணைத் திறந்தவர் கையை இறக்கவே இல்லை. கடைக்காரர் முப்பதுவரை எண்ணியதாகப் பின்னால் சொன்னார். இறக்கிவிட்டு, முந்தானையால் கைப்பிடியைத் துடைத்து மேசையில் வைத்தார்.

"இது எனக்குச் சேர்ந்துச்சுங்க. உங்களுக்கு அது. அதையே எடுங்க."

மூன்று வார ஆலோசனை இதைப் பற்றியதுதான். சிறிய கைப்பிடியை வாங்கினால் கிளப்பில் என் எதிரிலேயே அவர் அதை எடுத்துச் சுடலாம். நான் சுமாராகச் சுடுவேன், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்வதைவிட இது எளிதாக இருந்தது, பெருந்தன்மைபோலவும் தெரிந்தது. அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன்.

துக்க வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரியம்மா, "பொறந்த ஊட்டுக் கோடி இன்னும் வரலியா?" என்று கேட்டார். இங்கே பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுப்புடவையைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். முறையாகச் சேதி சொல்லி அனுப்பாத சாவுக்கு அவர்கள் தாமாக வருவதும் இல்லை.

"சேதி சொல்லலைங்க" என்றார் குமார். "நான் செத்தாலும் அவனுக்குச் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்லி வச்சிருந்தாங்க."

"என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன் சாமி."

"அத்தை வார்த்தையை நான் எப்படிங்க மீறுறது?"

எடப்புளி நாட்டுக்கு வண்டியில் முக்கால் மணி நேரம். என் வண்டி வாசலில் நின்றது. குமார் என்னைப் பார்த்தார்; விவரம் தெரிந்தவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்திருக்கலாம். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எடுத்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவற்றைச் சொல்லி முடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்க்கும் முறை ஒன்று. அதைத் துப்பாக்கிக்கு மட்டும் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். பிறகு, நிராகரிப்பு ஆணையின் நகல். மேல்முறையீடு எழுதுவதற்காக என்னிடம் கொடுத்தது, திருப்பிக் கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் எடப்புளி நாட்டுக்குப் போய் ராமசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும்வரை கையை எடுக்காமல் துழாவிக்கொண்டே இருந்தார்.

"அக்காவுக்கு இது தெரியாதுங்களா?"

"தெரியாது."

"அப்ப அது நாந்தான்னு நெனச்சுட்டே போயிருச்சுங்க."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா இறந்த அன்று காலையிலேயே பஸ்காரர்கள் சொல்லி அவருக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. உடனே செம்மேட்டுக்கு ஆள் அனுப்பிக் கோடிப் புடவை வாங்கிவரச் செய்து, வேட்டி மாற்றிக்கொண்டு, முறைப்படி யாராவது வந்து சொல்வார்கள் என்று மாலைவரை வீட்டிலேயே இருந்திருக்கிறார். புடவை கடைப் பையிலேயே இருக்கிறது.