சூடம் அடித்த பிறகும்

2008 கோடையில் என் மனைவி கடலூர் கோர்ட்டில் ஒரு மனு போட்டாள். நாங்கள் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் மஸ்கட்டில் நர்ஸ். நான் சிதம்பரத்தில் டூ வீலர் மெக்கானிக், ஒன்பதாவதோடு நின்றவன். நாலாவது முடித்திருந்த மகள் என்னிடம் இருந்தாள். பள்ளி லீவில் அவளை ஒரு மாதம் மஸ்கட்டுக்கு அழைத்துப்போய் வர அனுமதி வேண்டும் என்பதுதான் மனு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானம் ஏறினால் பிள்ளை திரும்பாது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினாள். டிக்கெட்டைக் கிழித்துப்போட எவ்வளவு நேரம் ஆகும்? கோர்ட் வராந்தாவில் அவளிடம் சொன்னேன்.

"எங்க தெரு மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு. அனுப்புறேன்."

என் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், அப்ப நான் எதுக்குய்யா இந்த வெயில்ல கோட்டு போட்டுக்கினு நிக்கிறேன்? பூசாரியவே வந்து வாதாடச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை வந்தாள். கோயில் வாசலில் நான் ஏற்றிய சூடம் சின்ன வில்லை அல்ல, பெரிய கட்டி. "ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள பாப்பாவக் கொண்டாந்து வுட்டுடுவேன்" என்று சொல்லி உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அணையவில்லை. இன்னொரு முறை அடித்தாள். மகள் ஓடிப்போய் அந்தக் கையை ஊதினாள்.

"போதுமா?" என்றாள் என்னிடம்.

"போதும்" என்றேன்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அது என் பட்டறையில் ஸ்பேனர் பெட்டிக்கு அடியில், பாலிதீன் பையில் இருந்தது. "காணோங்க ஐயா, தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். எதிரே அவள் கட்டுப்போட்ட கையோடு நின்றாள். அவள் சத்தியத்தை மீறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டுப் பிள்ளையே 'நான் அம்மாகிட்டயே இருக்கேன்' என்று சொல்லிவிட்டால்? அதற்கு யாரிடம் சத்தியம் வாங்குவது?

தேடுவதற்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். திரும்பவும் அதையே சொன்னேன். அவளுடைய லீவு முடிந்துவிட்டது. கிளம்பும்போது அவள் சண்டை போடவில்லை.

"வேணாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா. நான் கையச் சுட்டுக்கினு இருந்திருக்க மாட்டேன்."

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மகளை அழைத்துவரப் போனேன். கேட்டருகே தோழிகளிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "ஜன்னல்கிட்ட நான், பக்கத்துல எங்கம்மா. கீழ பாத்தா ஒரே மேகம். ஜூஸ் சும்மாவே குடுத்தாங்க."

ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், இவ நெஜமாவே மஸ்கட் போனாளா? புளுவுறாதானே?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"போயிட்டு வந்தா" என்றேன். "ஒரு மாசம்."

வீடு வரும்வரை வண்டியில் என்மேல் கை வைக்காமல், பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.