அப்பா பூச்சாண்டி ஆன கதை

என் அப்பாவை ஒரு கைப்பேசி விளையாட்டில் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபம் பின்னால் வந்தது, ஆனால் வந்தது போகவில்லை.

விளையாட்டைச் செய்தவன் என் பள்ளித் தோழன், சீனன். எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரே வகுப்பில் படித்தோம். இப்போது கோலாலம்பூரில் உட்கார்ந்து விளையாட்டு செய்கிறான். "நம்ம ஊரை வச்சே ஒண்ணு செஞ்சிருக்கேன், பாரு" என்று அனுப்பியிருந்தான். பார்த்தேன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை, சாக்கடையில் உடும்பு, எல்லாம் அச்சு அசல். ஒரு குட்டிப் பிள்ளை ஓடுகிறது. துரத்துகிற பேய் ஒரு கறுத்த தமிழர். முறுக்கு மீசை, தோளில் துண்டு, ஓட்டை மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு மூட்டை. பிடித்தால் பிள்ளையை மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிடுவார். ஆட்டம் முடிந்தது.

அந்த மீசையும் துண்டும் மட்டுமல்ல, வண்டிக் கைப்பிடியில் தொங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பைகூட என் அப்பாவுடையது.

அப்பா பசார் மாலாமில் கச்சாங் பூத்தே விற்பவர். வறுத்த கடலை, முறுக்கு, ஓமப்பொடி. வாங்காத பிள்ளைக்கும் ஒரு கை கடலை சும்மா கொடுப்பார். அதற்காகவே பிள்ளைகள் கடையை மொய்க்கும். சொந்த ஊர் திரையில் வந்துவிட்டது என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டார்கள். அப்புறம் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே "ஆ!" என்று அலறி ஓடினார்கள். முதல் வாரம் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் கடைப்பக்கம் ஒரு பிள்ளையும் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நின்றார். கல்யாணத்துக்கே எடுக்காத மீசை அது.

"எம் மூஞ்சி என்னா அவ்ளோ பயமாவா இருக்கு?" என்றார்.

அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்தார். நான் தோழனைக் கைப்பேசியில் கூப்பிட்டுக் கிழிகிழி என்று கிழித்தேன்.

"ஐயோ, உங்க அப்பான்னு நெனைக்கவே இல்லலா! பேய்னு யோசிச்சா எனக்கு அப்படித்தான் வருது" என்றான். அப்படித்தான் வருகிறதாம்! எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் மன்னிப்பு என்று ஒன்றை இணையத்தில் போட்டான். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறானாம். புண்பட்ட ஆள் முகவரியோடு இருக்கும்போது "யாராவது" என்ன, "இருந்தால்" என்ன? திட்டினேன். உடனே பேயின் தோலை வெளுப்பாக்கினான். அது அவனுடைய சொந்தப் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வீட்டில் பூகம்பம். பிறகு பச்சை நிறம் அடித்தான். மீசை, துண்டு, வண்டி எல்லாம் அப்படியே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அப்பா உற்றுப் பார்த்தார். "இப்ப என்னா, நான் செத்து ரெண்டு நாளாச்சா?"

"என்கிட்டயும் இணையத்துகிட்டயும் மன்னிப்புக் கேக்குறதை விட்டுட்டு அவர்கிட்ட வந்து கேளு" என்று தோழனிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். சீனப் பெருநாளுக்குக் கொடுக்கிற ஆரஞ்சு, பெருநாள் இல்லாத மாதத்தில் ஒரு பை. கூடவே அவன் அம்மா. பசார் மாலாமில் அப்பாவுக்குப் பக்கத்துக் கடையில் தௌஃபூபா, அதாவது பாகு ஊற்றிய சோயாக்கட்டி, விற்கும் ஆன்ட்டி அவர்தான். அன்று வீட்டில் எல்லாருடைய பேச்சும் மலாயும் தமிழும் கலந்த ரோஜாக்.

"தப்பு என்னுதுதான் அங்கிள்" என்றான் தோழன். "இருந்தால்" எல்லாம் இல்லை.

ஆன்ட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான்தான் சின்னதுல சொல்வேன். அழுதா கச்சாங் பூத்தே அங்கிள் மூட்டையில போட்டுட்டுப் போயிடுவாருன்னு. உங்க மீசைதான் பெருசு. வேற யாரைச் சொல்றது?"

அப்போதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. எனக்குச் சோறு ஊட்டும்போது என் அம்மா என்ன சொல்வார்? "துன்னலன்னா தௌஃபூபா சீனன் பொட்டியில போட்டு மூடிடுவான்." அந்தச் சீனர் தோழனின் அப்பா. பெட்டியைக் கண்டாலே நான் மேசைக்கடியில் இருப்பேன். இதைச் சபையில் போட்டு உடைத்தேன். ஆன்ட்டிக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

"அதெல்லாம் சோறு எறங்கறதுக்குச் சொன்னதுலா!" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. ஆள் வரவில்லை.

தோழன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அந்த ஆளையே எடுத்துடறேன் அங்கிள்" என்றான்.

"எடுத்துட்டா?" அப்பா சிரிக்கவில்லை. "அந்த ஊர்ல உடும்புகூட இருக்கு. நான் இல்லாம என்னா ஊரு? புள்ளைங்க ஓடுதே, அதுதான் எனக்கு வலிக்குது. மூட்டையில என்னா இருக்குன்னு ஒருநாளாச்சும் தொறந்து பாத்தியா?"

அப்பா எழுந்துபோய் மூட்டையைக் கொண்டுவந்து அவன் மடியில் அவிழ்த்தார். கடலை.

அடுத்த மாதம் விளையாட்டு மாறியது. நிறம் பழையபடி கறுப்பு, மீசை பழையபடி முறுக்கு. பிடிபட்டால் மூட்டை திறக்கும், காகிதப் பொட்டலத்தில் கடலை கிடைக்கும். விளைவு, இப்போது ஒரு பிள்ளையும் ஓடுவதில்லை. ஆட்டம் தொடங்கியதும் நடுச்சாலையில் நின்று அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஓட்ட விளையாட்டில் ஓட்டமே போய்விட்டது என்று அவன் புலம்புகிறான். புலம்பட்டும்.

போன வாரம் பசார் மாலாமில் ஆன்ட்டியின் பேத்தி தரையில் உருண்டு அழுதது. ஆன்ட்டி பழக்கதோஷத்தில் அப்பா பக்கம் கையைக் காட்டி, "அழு, அழு, அந்த அங்கிள் புடிச்சிட்டுப் போயிடுவாரு" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழந்தை அப்பாவைப் பார்த்தது. பிறகு இன்னும் பலமாக அழுதுகொண்டே அவர் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டியது. அப்பா மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, பிடிக்கப் போனார்.